நிறம் அடிக்கும் முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்: பூங்கா டென்னிஸ் கோர்ட்டுகளைக் காப்பாற்றும் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பொதுப் பூங்காவில் இருக்கும் இரண்டு டென்னிஸ் கோர்ட்டுகளை மறுபடி ஆடும் நிலைக்குக் கொண்டுவர முதலில் போட்ட பணம், ஒரே மழைக்காலத்தில் உரிந்து போனது. 1,40,000 ராண்ட். பிரியாணி டிக்கெட் விற்றும், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் கொடுத்ததைச் சேர்த்தும் வந்த பணம் அது. அடித்த பச்சைப் பூச்சு தோல் மாதிரித் தளத்திலிருந்து கையோடு பெயர்ந்து வந்தபோது வந்த ஆத்திரத்தைவிட, டிக்கெட் வாங்கிய ஆயாக்களின் முகத்தைப் பார்க்கக் கூசியதுதான் அதிகம். பிறகு சரியான ஆட்களைக் கேட்டுக் கேட்டு, மறுபடி பணம் திரட்டி, வேலை ஒழுங்காக முடிந்தது. முதலிலேயே ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். பீனிக்ஸ், வெருலம், டோங்காட், லெனேசியா என்று எங்கே இருந்தாலும், உங்கள் பூங்காவில் இப்படி ஒரு கோர்ட் பாழாகிக் கிடந்தால், பணம் திரட்டத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்தக் கோர்ட்டுகள் சும்மா கிடைத்தவை அல்ல. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம் இந்திய வம்சாவளி நம்மவர்களைப் பிடுங்கி இந்தக் குடியிருப்புகளில் போட்டது. 1953இன் தனி வசதிகள் சட்டம் பூங்கா பெஞ்சு வரை நிறம் பார்த்துப் பிரித்தது. வெள்ளையர் கிளப்புகளின் கதவு மூடியிருந்த அந்தக் காலத்தில்தான் ஜஸ்மத் திராஜ் போன்ற ஆட்டக்காரர்கள் நிறம் பாராத டென்னிஸ் யூனியனின் பெயரில் ஆடி, 1971இல் ஐரோப்பா வரை போனார்கள். 1990இல் அந்தத் தனி வசதிச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் நம் பகுதிகளுக்கு வந்த கோர்ட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்று பாழானால் அடுத்தது பக்கத்தில் இருக்காது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மேட்டுப் பக்கத்து மண் சரிந்து கோர்ட்டின் மேல் வந்தது. மண்ணை அள்ளிய பிறகு தளம் வெளுத்து, விரிசல் விட்டுக் கிடந்தது. ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்து, "வாஷ் பண்ணி, கிராக் அடைச்சு, ரெண்டு கோட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும், அண்ணா" என்றார். பாதிப் பணம் முன்னதாக, மீதி முடித்த அன்றே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோடை மழை தொடங்கியதும் கான்கிரீட் கோர்ட்டில் உள்ளங்கை அளவு கொப்புளங்கள் எழும்பின. தார்க் கோர்ட்டில் அடைத்த விரிசல்கள் அதே இடத்தில் திறந்தன, வெள்ளைக் கோடுகள் ஓரமெல்லாம் சுருண்டன. அந்த ஆளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. எழுத்தில் ஒரு வரி உத்தரவாதம் இல்லாததால் வக்கீலிடம் போயும் பயன் இல்லை.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பாழாகும் கோர்ட்டில் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆடும் கோடுகளுக்குள் இரட்டையர் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். சுற்றி ஓட இடம் விட்டால் மொத்தத் தளம் 36.57க்கு 18.29 மீட்டர், அதாவது சுமார் 670 சதுர மீட்டர். இத்தனை பெரிய தட்டையான பரப்பில் விழும் மழை முழுவதும் ஒரே திசையில் ஓட வேண்டும். அதற்கு 100க்கு 1 முதல் 120க்கு 1 வரை வாட்டம், அதாவது சரிவு, தேவை. ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்கு வாட்டம் விட்டால் 15 முதல் 18 செ.மீ. இறக்கம் கிடைக்கும். நெட்டுக்கு அடியில் மேடாக வைத்து இரண்டு பக்கமும் இறக்குவது தவறு; பந்தின் உயரமே மாறிப்போகும். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் பழைய முறையே போதும், நான்கு மூலையின் உயரமும் தெரிந்துவிடும்.

அதற்கடுத்து வெயில் உள்ள ஒரு நாளில் ஹோஸ் போட்டுக் கோர்ட் முழுவதையும் நனையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் நின்றால் அது சரிசெய்ய வேண்டிய பள்ளம். 3 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அதற்கடியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. இந்த வட்டங்களைப் போட்டோ எடுத்து, படம் வரைந்து, கொட்டேஷன் கேட்கும் தாளோடு இணைத்துவிடுங்கள். பள்ளத்தை மணலும் சிமென்டும் கலந்த அக்ரிலிக் பேட்ச் கலவையால் நிரப்பி, காய்ந்ததும் மறுபடி நனைத்துப் பார்த்த பிறகுதான் நிறம் என்று அதிலேயே எழுதுங்கள். நிறப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அது எந்தப் பள்ளத்தையும் மறைக்காது.

கான்கிரீட் தளத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பழைய கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல் ஊற்றியிருந்தால் மண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். டர்பன் வெயில் பச்சைப் பூச்சைச் சுடும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தள்ளும், அதுதான் கொப்புளம். இதைக் கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. 45 செ.மீ. சதுரமான கெட்டிப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தளத்தின் மேல் 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, அன்றைக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. கோர்ட்டுக்கு ஒரு இடத்தில் மட்டும் பார்க்காமல் தாழ்ந்த ஓரம், நடு, நிழல் விழும் மூலை என்று பல இடங்களில் பாருங்கள். வழவழப்பாகத் தேய்த்த கான்கிரீட்டாக இருந்தால் நீர்த்த பாஸ்பாரிக் ஆசிட் விட்டுச் சொரசொரப்பாக்கி, நன்றாகக் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகே அடுத்த வேலை. எங்கள் கோர்ட்டில் இதில் ஒன்றுமே நடக்கவில்லை. புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆறவிட வேண்டும். புதுத் தாருக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம்.

தார்த் தளத்தில் எதிரி விரிசல். மயிரிழை போன்ற விரிசலைக் காற்றடித்துச் சுத்தம் செய்து அக்ரிலிக் அடைப்பான் விட்டால் போதும். விரல் நுழையும் அளவு விரிந்தது குளிரில் விரியும், வெயிலில் சுருங்கும். எதை வைத்து அடைத்தாலும் திறக்கும். அதற்குத் துணி வைத்து மேலே பூசும் முறை இருக்கிறது, விலை கூடும். விரிசல் தளம் முழுவதும் வலை மாதிரி பரவியிருந்தால் ஒட்டுப்போடும் வேலைக்குப் பணம் போடாதீர்கள். மேலே புதிதாகத் தார் போடவோ, தோண்டிப் போடவோதான் வேண்டும். அடுத்தது புல். நம் பக்கத்துக் கிக்குயூ புல் ஓரத்து விரிசலில் வேர் விட்டுத் தார் விளிம்பையே தூக்கிவிடும். விரிசலை அடைக்க இரண்டு வாரம் முன்னதாகக் களைக்கொல்லி அடித்து, வேர் செத்த பிறகு பிடுங்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது மேலே வெட்டிவிட்டு அடைத்தால் அது பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்து மரத்தின் வேர் தளத்தைத் தூக்கியிருந்தால் கோர்ட் ஓரமாக வாய்க்கால் தோண்டி, வேரை வெட்டி, தடுப்புத் தகடு இறக்க வேண்டும். பூங்கா மரத்தில் கை வைக்க எழுத்து அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரைக் கோர்ட்டுக்கு முன்பே பிடித்துத் திருப்பாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். மேட்டோரமாக வாய்க்கால் தோண்டி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, ஓட்டை போட்ட பைப்பை வாட்டத்தோடு வைத்து, 19 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடுவதுதான் முறை. துணி இல்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் சேறு சில மழைக்காலத்திலேயே அடைத்துவிடும். தாழ்ந்த ஓரத்தையும் பாருங்கள். ஆண்டுக்கணக்காகப் புல் வெட்டிய கழிவும் மண்ணும் சேர்ந்து அங்கே கோர்ட்டைவிடத் தரை உயர்ந்திருக்கும். அதனால் தண்ணீர் வெளியேற முடியாமல் ஓரத்திலேயே குளம் கட்டும். ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு பத்துப் பேர் வந்தால் தீர்கிற வேலை அது. எங்கள் இரண்டாம் முறையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது இந்த மண்வெட்டி வேலைதான்.

இனி பூச்சு. கொட்டேஷனில் "ரீசர்ஃபேஸ் செய்தல்" என்று ஒரே வரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பொருள், எத்தனை பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் எத்தனை லிட்டர் கெட்டிப் பொருள், எத்தனை கிலோ சிலிக்கா மணல், எவ்வளவு தண்ணீர் என்று தனித்தனியாக வர வேண்டும், கூடவே தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டும். மணல் கலந்த ரீசர்ஃபேசர் என்ற அடிப்பூச்சு ஒன்று அல்லது இரண்டு பூச்சு, அதன்மேல் நிறம் இரண்டு பூச்சு என்பது வழக்கம். ஒரு கோர்ட்டுக்கு ஒரு பூச்சுக்குச் சுமார் 150 முதல் 180 லிட்டர் கெட்டிப் பொருள் தேவைப்படும். ஏமாற்று நடப்பது இங்கேதான்: தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள், அல்லது ஒரு பூச்சைக் குறைப்பார்கள். முதல் நாள் இரண்டுக்கும் நிறம் ஒரே மாதிரிதான் தெரியும். சீல் உடைக்காத டிரம்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து எண்ணிக் காட்டச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் காலி டிரம்களை மறுபடி எண்ணுங்கள். மணல் இல்லாமல் அடித்தால் ஈரத்தில் கால் வழுக்கும். கோடு போடுவதற்கு அக்ரிலிக் கோட்டுப் பெயின்ட் மட்டுமே. சாலையில் போடும் எண்ணெய்ப் பெயின்ட் சுருங்கும்போது கீழே உள்ள பூச்சையும் சேர்த்து இழுத்து வெடிக்க வைக்கும். எங்கள் கோடுகள் சுருண்டதற்குக் காரணம் அதுதான்.

வெப்பம் 10 டிகிரிக்குக் குறையக் கூடாது, பூச்சு காயும்வரை மழையும் கூடாது. டர்பனில் கோடை மழைக்காலம் என்பதால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைதான் நல்ல நேரம். கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் கோர்ட் வேலை நடக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மாலை ஈரம் இறங்கும் முன் நிறுத்த வேண்டும். ஆடிக்குப் பூச வேண்டுமானால் வாய்க்காலும் பள்ளம் நிரப்புவதும் வைகாசியில் முடிந்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாதிப் பணம் முன்னதாக என்று கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பொருள் கோர்ட்டுக்கு வந்து எண்ணியதும் ஒரு பங்கு, பள்ளம் நிரப்பித் தண்ணீர் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, கோடு போட்டதும் ஒரு பங்கு. கடைசி 10 சதவீதம் கோடையின் முதல் பெரிய மழைகள் போன பிறகு. நல்ல கான்ட்ராக்டர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. விலையில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நம் மாதிரிச் சிறு சங்கங்கள் அதைத் திரும்பப் பெற முடியாது. வேலையாட்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும், அதனால் தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்குப் பாக்கி இல்லை என்று காட்டும் நல்நிலைக் கடிதத்தையும் கான்ட்ராக்டரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், நிலம் நகராட்சியுடையது. "நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று பலர் சொல்வார்கள். எழுத்து அனுமதி இல்லாமல் போட்ட பணத்துக்கு உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, நாளைக்கு அங்கே கார் நிறுத்துமிடம் வந்தாலும் கேட்க முடியாது. முதல் படி, சங்கத்தை 1997இன் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ்ச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்வது. விதிமுறைத் தாளும் நிர்வாகிகள் பெயரும் போதும், கட்டணம் இல்லை. ஆனால் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை அனுப்ப வேண்டும். பல சங்கங்கள் இதில் கோட்டை விட்டுப் பதிவை இழக்கின்றன. அடுத்தது பூங்காத் துறையோடு பயன்பாட்டு ஒப்பந்தம். தண்ணீர் பில், மின்சாரம், புல் வெட்டுவது, இன்சூரன்ஸ், பூட்டின் சாவி என்று எது யாருடைய பொறுப்பு என ஒவ்வொன்றாக எழுதுங்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் அதிலேயே எழுத வேண்டும். நகராட்சி வசதிகளுக்குக் கட்டணம் நிர்ணயிப்பது கவுன்சிலின் அதிகாரம், கமிட்டி தானாக நோட்டீஸ் ஒட்டிப் பணம் வாங்கக் கூடாது.

நிதி எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் கவுன்சிலில் வைக்கப்பட்டு, மே முடிவுக்குள் ஒப்புதலுக்கு வரும். ஏப்ரல் பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதைவிட, அதற்கு முந்தைய அக்டோபரிலிருந்தே வார்டு கவுன்சிலர் மூலம் கோரிக்கை நகராட்சியின் திட்ட ஆவணத்தில் ஏற வேண்டும். வார்டு கமிட்டியில் கவுன்சிலரைத் தவிரப் பத்துப் பேர் வரை இருக்கலாம். அதில் விளையாட்டுக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எம்.ஐ.ஜி. என்ற நகராட்சி உள்கட்டமைப்பு மானியம் கேளுங்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது டர்பனின் எதெக்வினி போன்ற எட்டுப் பெருநகராட்சிகளுக்குக் கிடையாது. அவற்றுக்கு வருவது நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு மானியம். தவறான மானியத்தின் பெயரைப் போட்டு எழுதிய மனு மேசைக்கு மேசை சுற்றி ஆண்டு போய்விடும். தேசிய லாட்டரி ஆணையத்துக்கு விளையாட்டுப் பிரிவு உண்டு. கணக்கறிக்கைகள் தயாராக இருந்தால்தான் அந்தப் பக்கம் போகலாம், ஆகையால் முதல் ராண்டிலிருந்தே ரசீது போடுங்கள். கடைக்காரர்களிடம் நன்கொடை கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம்: விளையாட்டுக்கு மட்டும் உள்ள சங்கம் கொடுத்தவர் வரியில் கழித்துக்கொள்ள உதவும் 18ஏ ரசீது கொடுக்க முடியாது. கொடுப்போம் என்று வாக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நிதி பெரும்பாலும் புதிதாகக் கட்டக் கிடைக்கும், காப்பாற்றக் கிடைக்காது. சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 8 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று தேசியக் கருவூலம் நகராட்சிகளுக்கு அளவுகோல் வைத்திருக்கிறது. உங்கள் மனுவில் அந்த எண்ணைப் போடுங்கள். ஆனால் அதை நம்பி உட்காராமல் சொந்தமாக ஒரு ஒதுக்கு நிதி தொடங்குங்கள். பொதுக் கோர்ட்டின் பூச்சு ஐந்திலிருந்து ஏழு ஆண்டு வரும். இரண்டு கோர்ட்டுக்கு அடுத்த முறை 3,00,000 ராண்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டில் ஆண்டுக்கு 50,000. ஒவ்வொரு கோர்ட்டும் வாரம் 30 மணி நேரம், ஆண்டுக்கு 45 வாரம் வாடகைக்குப் போனால் மொத்தம் 2,700 மணி நேரம். மணிக்கு 18 ராண்ட் 50 சென்ட். விலைவாசி ஏற்றத்தையும் நெட், பல்பு செலவையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்கால நேரத்தை இலவசமாக விட்டுவிட்டு, கோச்சிங் நடத்துபவரிடமும் இரவு விளக்கு வெளிச்சத்தில் ஆடும் பெரியவர்களிடமும் வாங்குவது நியாயம். நெட்பால் கோர்ட் 30.5க்கு 15.25 மீட்டர், டென்னிஸ் தளத்துக்குள் முழுதாக அடங்கும். வேறு நிறத்தில் அந்தக் கோட்டையும் போட்டால் பள்ளிப் பெண்கள் வருவார்கள், விண்ணப்பத்துக்கும் பலம் கூடும்.

வாராந்திர வேலை பெரிதல்ல. இலையைப் பெருக்குவது, கறை விழுந்தால் மென்மையான பிரஷ்ஷால் கழுவுவது. நம் ஊரில் சூரியன் வடக்கே நிற்பதால் வடக்கு ஓரத்து மரங்கள்தான் கோர்ட்டுக்கு நிழல் தரும், அங்கேதான் கறுப்புப் பாசி பிடிக்கும். ஜிக் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, ஒரு மூலையில் சோதித்துவிட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். கல்யாணப் பந்தலுக்குக் கோர்ட்டைக் கேட்டு வருவார்கள். சொந்தக்காரர்களே கேட்பார்கள், மறுப்பது கஷ்டம்தான். பந்தல் ஆணி ஒன்று இறங்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் தளத்துக்குள் போகும், இரும்பு நாற்காலியின் கால் பூச்சைக் குத்தும். தீபாவளி வாணம் எரிந்த இடம் கருகிப் போகும். ஒப்பந்தத்திலேயே இதற்குத் தடை எழுதிவிட்டால் கமிட்டிக்காரர் யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, தாளைக் காட்டினால் போதும்.

திருட்டுக்கும் கடற்காற்றுக்கும் சேர்த்துத்தான் இரும்பு வாங்க வேண்டும். வேலிக் கம்பமும் நெட் கம்பமும் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) செய்து தென்னாப்பிரிக்காவின் சான்ஸ் 121 தரத்தில் இருக்கிறதா என்று சான்றிதழ் கேளுங்கள். வெள்ளிப் பெயின்ட் அடித்த சாதாரணக் கம்பம் டர்பன் உப்புக் காற்றில் நிற்காது. வெல்டிங் எல்லாம் கால்வனைஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வேலிக் கண்ணி 45 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பந்து சிக்கிக்கொள்ளும். நெட் கம்பங்களைக் கான்கிரீட்டில் பதித்த குழாய்க்குள் நிற்பதாக வைத்தால், உடைந்தால் மாற்றலாம். நெட்டை இறுக்கச் சுழற்றும் கைப்பிடியைக் கழற்றி ஸ்டோரில் வைத்துவிடுங்கள், அதுதான் முதலில் காணாமல் போகும். இரட்டையர் நெட்டின் நீளம் 12.8 மீட்டர், கம்பத்தருகே 1.07 மீட்டரும் நடுவே 91.4 செ.மீட்டரும் உயரம். ஆட்டம் முடிந்ததும் கம்பியைத் தளர்த்தாவிட்டால் கம்பங்கள் உள்நோக்கிச் சாய்ந்து, அடித்தளத்தைச் சுற்றி விரிசல் விடும். விளக்குக்கு 200 லக்ஸ் வெளிச்சம் சாதாரண ஆட்டத்துக்குப் போதும், எல்.இ.டி. போடுங்கள். மின்சாரத்தைப் ப்ரீபெய்ட் மீட்டரில் தனியாகப் பிரித்து, டோக்கன் வாங்கிய தேதியும் யூனிட்டும் எழுத ஒரு நோட்டு வையுங்கள். அந்த நோட்டும் வாடகை நோட்டும் ஒத்துப் போகாத மாதத்தில், யாரோ கணக்கில் வராமல் ஆடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.